சிதைவுக்கும் நினைவு உண்டு

லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். 1940களின் நடுவில் கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்களைச் சொந்தமாகச் செய்து விற்கத் தொடங்கியபோது அவருடைய குறிக்கோள் எளிமையானது. கம்பியில் பிறந்த ஒலி எந்தக் கலப்பும் இல்லாமல், தெளிவாக, நடன அரங்கின் கடைக்கோடி வரை போய்ச் சேர வேண்டும். அவரிடம் வாங்க வந்த கன்ட்ரி இசைக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

சில ஆண்டுகளிலேயே வேறு வகை இசைக்காரர்கள் அந்த ஆம்புகளின் குமிழை எல்லை வரை திருகினார்கள். தெளிவு போய்விட்டது. ஒலி கரகரத்தது, தடித்தது, விட்ட இடத்தில் அடங்காமல் நீண்டு நின்றது. 1951இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாட்டின் கிதார் கரகரப்புக்குக் காரணம் சேதமடைந்த ஓர் ஆம்ப். 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பதின்வயதுப் பையன் எல்பிகோ என்ற சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறினான். கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்பது அந்தக் கீறல் விழுந்த காகிதத்தின் ஒலிதான். ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்து 1962 வாக்கில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, இந்தக் கரகரப்பையே ஒரு தலைமுறையின் குரலாக்கிவிட்டது.

இந்தச் சிதைவை எண்களால் திரும்பச் செய்ய முடியுமா என்ற முயற்சி 1990களில் தீவிரமானது. முப்பது ஆண்டுகளாக அது ஓயவில்லை. டிஜிட்டல் ஆம்பில் ‘உயிர் இல்லை’, ‘விரலுக்குப் பதில் சொல்வதில்லை’ என்று கலைஞர்கள் விடாமல் சொல்லிவந்தார்கள். அதை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்கியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. அந்தக் காதுகள் ஓர் உண்மையான இயற்பியலைக் கேட்டன. வால்வு ஆம்பின் சிதைவு இந்தக் கணத்து ஒலியை மட்டும் பொறுத்ததல்ல. சற்றுமுன் என்ன வாசிக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. அந்தச் சுற்றுக்கு நினைவு உண்டு. டிஜிட்டல் ஆம்பின் வரலாறு பெரும்பாலும் அந்த நினைவைப் பிடித்துவைக்கப் பட்ட பாடுதான்.

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு வராது. உள்ளே இழை ஆரஞ்சு நிறத்தில் கனன்று சூடேறிய பிறகுதான் குரல் எழும். கிதார் ஆம்புகளில் அதிகம் காணப்படும் 12ஏஎக்ஸ்7 வால்வும் அதே வகை. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குமிழ், அடியில் ஒன்பது ஊசிகள், உள்ளே வெற்றிடம். நடுவில் நிற்கும் மெல்லிய குழாய்தான் கேத்தோடு. பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசிய அந்தக் குழாய் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது எலெக்ட்ரான்கள் அதன் மேற்பரப்பிலிருந்து கிளம்புகின்றன. சுற்றியிருக்கும் தகட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்னழுத்தம் இருப்பதால் அதை நோக்கிப் பாய்கின்றன. இடையில் மயிரிழைக் கம்பிச் சுருளாக கிரிட். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் சேர்த்த உறுப்பு இது. கிரிட்டில் ஒரு வோல்ட் ஏறி இறங்கினால் தகட்டில் ஐம்பது அறுபது வோல்ட் ஆடும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிதார் பிக்கப்பில் பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம் இப்படித்தான் கட்டம் கட்டமாகப் பெரிதாகிறது.

ஆனால் இந்தப் பெருக்கத்துக்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு. கிரிட் மிகவும் எதிர்மறையானால் எலெக்ட்ரான் ஓட்டம் படிப்படியாக மெலிந்து நின்றுவிடும். கிரிட் கேத்தோடைவிட நேர்மறையானால், தகட்டுக்குப் போக வேண்டிய எலெக்ட்ரான்களில் ஒரு பங்கு கிரிட்டிலேயே இறங்கத் தொடங்கும். இடைப்பட்ட பகுதியும் நேர்கோடு அல்ல. ஓட்டம் மின்னழுத்தத்தின் 1.5 மடி விகிதத்தில் ஏறுகிறது. ஆக, உள்ளே போகும் அலையின் முகடு வெட்டுப்படாமல், தோள் சரிந்து மழுங்குகிறது. இப்படி வடிவம் மாறும் அலையில் புதிய மேற்சுரங்கள் முளைக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் போனால் 220, 330, 440 என்று அதன் மடங்குகள் கூடவே வெளிவருகின்றன.

வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களைத் தருவதால் இனிக்கிறது, டிரான்சிஸ்டர் ஒற்றைப்படையைத் தருவதால் உறுத்துகிறது என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. இது பாதிதான் உண்மை. தனியாக வேலை செய்யும் ஒரு வால்வு அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் வெவ்வேறாக மழுக்குவதால் இரண்டாம் மேற்சுரம் தூக்கலாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கிதார் ஆம்புகளில் கடைசிக் கட்டத்தில் இரண்டு வால்வுகள் எதிரெதிராக நின்று ஆளுக்குப் பாதி அலையைத் தள்ளுகின்றன. அந்த அமைப்பில் இரட்டைப்படை மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முழு வேகத்தில் முழங்கும் ஆம்பில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒற்றைப்படைதான், அது யாருக்கும் கசக்கவில்லை. சிதைவு எவ்வளவு நிதானமாகத் தொடங்குகிறது என்பதுதான் காதுக்கு முக்கியம்.

இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் கதை இன்னும் சுவையாகும். சிதைக்கும் சுற்று அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் தானாகவே உண்டாக்கும். 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும், அதாவது நம் கணக்கில் ஒரு ஷட்ஜமமும் அதன் பஞ்சமமும், ஒன்றாக நுழைந்தால் வித்தியாசம் 55, கூட்டல் 275. எல்லாமே 55இன் மடங்குகள். கலைஞர் மீட்டவே மீட்டாத கீழ் ஷட்ஜமம் ஒன்று அடியில் வந்து உட்காருகிறது. ராக் இசையின் ‘பவர் கார்டு’ இரண்டே சுரங்களில் அத்தனை கனமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிதாரின் கட்டைகள் சம இடைவெளிச் சுருதியில் அமைந்தவை என்பதால் காந்தாரம் 138.6இல் விழும். கழித்தல்கள் 28.6, 26.4 என்று ஒன்றோடொன்று பொருந்தாமல் வந்து, ஒலி கலங்கிச் சேறாகிவிடும்.

இதுவரை சொன்னது நினைவில்லாத சிதைவு. உள்ளே வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் வெளியே ஒரு மதிப்பு, இடையில் ஒரு வளைகோடு. இது மட்டும்தான் என்றால் 1995லேயே வேலை முடிந்திருக்கும்.

நினைவு எங்கே இருக்கிறது என்று பார்க்க, 1950களின் பிற்பாதியில் ஃபெண்டர் செய்த டீலக்ஸ் ஆம்பைத் திறக்கலாம். 5ஈ3 என்பது அதன் சுற்றின் பெயர். மொத்தமே பதினைந்து வாட் அளவில்தான் சக்தி, ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், நான்கு வால்வுகள். அவை தவிர 5ஒய்3 என்ற ஒரு வால்வு மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கிக் கொடுக்கிறது. ராக் கலைஞர் நீல் யங் பல பத்தாண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 1959ஆம் ஆண்டின் ஒரு டீலக்ஸைத்தான்.

ஒரு கார்டைப் பலமாக மீட்டுகிறார் கலைஞர். முதல் சில மில்லி நொடிகளில் உயர் மின்னழுத்தம் முழுசாக, சுமார் 360 வோல்ட் இருக்கிறது. ஒலி பளீரென்று பாய்கிறது. உடனே இரண்டு 6வி6 வெளியீட்டு வால்வுகளும் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றன. 5ஒய்3 வால்வுக்குக் கணிசமான உள்மின்தடை உண்டு. வீட்டில் மிக்ஸியைப் போட்டதும் பல்பு மங்குவதுபோல, 360 வோல்ட் பத்துக் கணக்கில் சரிகிறது. சரிந்த மின்னழுத்தத்தில் வால்வுகளால் முன்போல் பெருக்க முடியாது. ஒலி தானாகவே அமுங்குகிறது. அதே நேரத்தில் வெளியீட்டு வால்வுகளின் கிரிட்டில் இறங்கிய எலெக்ட்ரான்கள் முந்தைய கட்டத்திலிருந்து வரும் மின்தேக்கியை நிரப்பிவிடுகின்றன. அந்த மின்னூட்டம் 2,20,000 ஓம் மின்தடை வழியாகக் கசிந்து வெளியேறச் சுமார் 20 மில்லி நொடி தேவை. அதுவரை வால்வின் நிலைப்புள்ளி இடம் மாறி நிற்கிறது. அடுத்து வரும் அலைகள் வேறொரு வளைகோட்டைத்தான் சந்திக்கின்றன. பிறகு கம்பி அடங்க அடங்க மின்னழுத்தம் மெல்ல மீள்கிறது. கம்பி தளர்ந்துகொண்டே வர, ஆம்ப் பலம் கூடிக்கொண்டே வருகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் சுரம் மங்காமல் மலர்ந்து நிற்பதுபோல் கேட்கிறது.

மென்மையாக மீட்டினால் இவற்றில் எதுவுமே நடக்காது. ‘விரலுக்குப் பதில் சொல்கிறது’ என்று கலைஞர்கள் சொல்வது இதைத்தான்.

இனி டிஜிட்டல் முயற்சிகளுக்கு வருவோம். ரோலண்ட் நிறுவனம் 1995இல் விஜி-8 கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மார்க்கஸ் ரைல், மிஷெல் டுவாடிக் இருவரும் தொடங்கிய லைன் 6, பல ஆம்புகளின் ஒலியை ஒரே பெட்டிக்குள் அடக்கிய ஆக்ஸிஸ் 212ஐ விற்றது. 1998இல் அவர்களுடைய பாட் வந்தது. அவரைவிதை வடிவச் சிவப்புக் கருவி. வீட்டில் அண்டை அயலாரை எழுப்பாமல் பதிவு செய்ய நினைத்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. அன்றைய சில்லுகளின் வேகத்துக்கு அது அபாரமான வேலைதான். ஆனால் வாசிப்பவர்களுக்கு இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, மேலே சொன்ன நினைவு போதாமை. மற்றது முற்றிலும் டிஜிட்டலுக்கே உரிய வியாதி.

டிஜிட்டல் கருவி ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறிக்க முடியாது. சிதைவோ எல்லையின்றி மேற்சுரங்களை முளைக்க வைக்கிறது. அவை எங்கே போகும்? மறைந்துபோகாது, எல்லையில் மடங்கித் திரும்பி வரும். 5,000 ஹெர்ட்ஸ் ஒன்றைச் சிதைத்தால் ஏழாம் மேற்சுரம் 35,000. அது 13,000ஆக மடங்கி வருகிறது. ஒன்பதாவது 45,000. அது 3,000ஆக, மூலச் சுரத்துக்கும் கீழே வந்து நிற்கிறது. கிதார் கம்பியின் அடிப்படைச் சுரம் 5,000 வரை போவதில்லை என்றாலும் அதன் மேற்சுரங்கள் போகும். இன்னும் கொடுமை, கலைஞர் கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றினால் இந்தப் பேய்ச்சுரம் இறங்கும். 5,000 என்பது 5,100 ஆகும்போது 3,000 என்பது 2,100 ஆகிவிடும். எந்த இசைக்கருவியிலும் நடக்காத இந்த எதிர்நகர்வைக் காது உடனே கண்டுகொள்ளும். ஆரம்பகால டிஜிட்டல் ஆம்புகளில் பலர் குறைசொன்ன அந்த மணல் நெரியும் ஓசையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மருந்து எளிது, விலைதான் அதிகம். சிதைக்கும் கணக்கை மட்டும் எட்டு மடங்கு வேகத்தில் போட்டு, மேலே முளைத்ததை வடிகட்டிவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

நினைவைப் பிடிக்க இரண்டு வழிகள் பிறந்தன. முதல் வழி, சுற்றைத் திறந்து ஒவ்வொரு உறுப்புக்கும் சமன்பாடு எழுதுவது. மின்தேக்கிக்கு இது, டிரான்ஸ்ஃபார்மருக்கு இது, வால்வுக்கு இது என்று எல்லாவற்றையும் கோத்து, ஒவ்வொரு அளவுப்புள்ளியிலும் கிர்க்காஃப் விதிகள் பொருந்தும்படி விடை காண வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ஃபெட்வைஸ் 1970களில் வேறு காரணத்துக்காக வகுத்த அலை வடிப்பான் முறை இங்கே கைகொடுத்தது. 1996இல் நார்மன் கோரன் வால்வின் நடத்தைக்குத் தந்த சூத்திரத்தை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். வளைகோட்டுச் சமன்பாட்டுக்கு நேரடி விடை கிடையாது. ஊகித்து, பிழை பார்த்து, திருத்தி, மறுபடி ஊகிக்கும் நியூட்டன் முறைதான் கதி. எட்டு மடங்கு வேகத்தில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 2.6 மைக்ரோ நொடி. அதற்குள் இந்த ஊகம் முடிந்தாக வேண்டும். 2006இல் வந்த ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் போன்ற கருவிகள் மின்சாரச் சரிவையும் நிலைப்புள்ளி நகர்வையும் தனித்தனிக் குமிழ்களாகவே கலைஞர் கையில் கொடுத்தன.

இரண்டாம் வழி, திறந்தே பார்க்காமல் வெளியிலிருந்து கற்பது. கிறிஸ்டோஃப் கெம்ப்பர் 2011இல் அறிமுகப்படுத்திய புரொஃபைலர், நிஜ ஆம்புக்குள் சில விசித்திரச் சோதனை ஒலிகளை அனுப்பி, மைக்கில் திரும்பி வருவதை அலசி, அந்த ஆம்பின் குணத்தை எடுத்துக்கொள்ளும். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019, 2020 ஆண்டுகளில் இதை நரம்பு வலைப்பின்னல்களிடம் ஒப்படைத்தார்கள். மனிதப் பேச்சை உருவாக்க டீப்மைண்ட் 2016இல் செய்த வேவ்நெட்டின் சாயலில் அமைந்தது ஒரு மாதிரி. ஆம்புக்குள் போன கிதார் ஒலியையும் வெளிவந்ததையும் சேர்த்து மூன்று நிமிடப் பதிவு கொடுத்தால் போதும், வலைப்பின்னல் கற்றுக்கொண்டது. கேட்டுப் பார்க்கும் சோதனைகளில் பல சமயம் நிஜத்துக்கும் நகலுக்கும் வித்தியாசம் காண்பது அரிதாக இருந்தது. என்னைக் கவர்ந்தது அதன் கட்டமைப்பு. ஒவ்வொரு புள்ளியைக் கணிக்கும்போதும் அது இந்தக் கணத்து ஒலியோடு அதற்கு முந்தைய சில பத்து மில்லி நொடிகளையும் சேர்த்தே பார்க்கிறது. டீலக்ஸின் மின்தேக்கி வடிய எடுத்துக்கொள்ளும் 20 மில்லி நொடி அந்தச் சாளரத்துக்குள் அடங்கிவிடும். மின்தேக்கி என்றால் என்னவென்றே அறியாத ஒரு நிரல், அதன் நினைவை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டது.

இப்படி எடுத்த நகலுக்கு ஒரு பலவீனம் உண்டு. குமிழ்கள் இருந்த ஒரே நிலையின் படம்தான் அது. 5ஈ3 சுற்றில் நீங்கள் பயன்படுத்தாத சேனலின் குமிழைத் திருகினாலும் பயன்படுத்தும் சேனலின் ஒலி மாறும். நீல் யங் தன் டீலக்ஸின் மேல் மோட்டார் பூட்டிய ஒரு பெட்டியை வைத்திருக்கிறார். காலால் மிதித்தால் அது ஆம்பின் குமிழ்களை நிஜமாகவே திருகும். இதே ஊடாட்டத்தைக் கற்றுக்கொள்ள, ஹெல்சிங்கியின் நியூரல் டிஎஸ்பி நிறுவனம் ஆம்பின் குமிழ்களை இயந்திரக் கைகளால் திருகித் திருகிப் பதிவெடுக்கும் ரோபோ ஒன்றைக் கட்டியிருக்கிறது.

அப்படியானால் இன்று மிச்சமிருக்கும் வித்தியாசம் என்ன? நான் பார்த்தவரை, பெரும்பாலான சண்டைகள் ஒப்பிடக் கூடாததை ஒப்பிடுவதால் வருகின்றன. டிஜிட்டல் கருவியின் கடைசிக் கட்டத்தில் இருப்பது ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் முன் வைத்த மைக்கின் பதிவு. பன்னிரண்டு அங்குலக் கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். சிதைவின் முட்களை மழுக்குவது அந்தக் காகிதக் கூம்புதான். அது இல்லாமல் கேட்டால் எந்த வால்வு ஆம்பும் காதைக் கிழிக்கும். ஆகவே மைக்கின் பதிவை ஹெட்ஃபோனில் கேட்பவர், அறையில் ஆம்பின் முன் நிற்பவர் கேட்பதை ஒருநாளும் கேட்கமாட்டார். அவர் கேட்பது இசைத்தட்டில் வரும் ஒலியை. பார்வையாளர்களுக்கும் மேடையில் மைக் வழியாகப் போவது அதே ஒலிதான் என்பதால், அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த விவாதமே இல்லை.

உரத்த ஒலிக்கும் இதில் பங்குண்டு. ஆம்ப் முழங்கும்போது காற்றின் அதிர்வு கிதாரின் உடலையும் கம்பியையும் மறுபடி உலுக்குகிறது. கம்பி, பிக்கப், ஆம்ப், ஸ்பீக்கர், காற்று, மறுபடி கம்பி என்று ஒரு வளையம் மூடிக்கொள்ளும்போது சுரம் அடங்கவே அடங்காது. ஹெட்ஃபோனில் இந்த வளையம் அறுந்துவிடுகிறது. நகல் எத்தனை துல்லியமாக இருந்தாலும் கம்பிக்கு அது தெரிய வழியில்லை.

இதைப் புரிந்துகொண்ட வடிவமைப்புகள் பெட்டியையும் ஸ்பீக்கரையும் அப்படியே வைத்துக்கொண்டு வால்வை மட்டும் எடுத்துவிடுகின்றன. ஃபெண்டர் 2019இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் ட்வின் ரிவெர்ப் அப்படிப்பட்டது. வால்வு ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ, இது 15 கிலோ. 85 வாட் வால்வு ஆம்பைப் பாவனை செய்ய உள்ளே 200 வாட் டிஜிட்டல் பெருக்கி வைத்திருக்கிறார்கள். வால்வு தன் எல்லையைத் தாண்டியும் முகடுகளை மழுக்கி மழுக்கித் தள்ளிக்கொண்டே போகும். டிஜிட்டல் பெருக்கியோ எல்லையில் பட்டென்று வெட்டிவிடும். அது எல்லையைத் தொடவே கூடாது என்றால் இத்தனை வாட் கையிருப்பு தேவை. முதுகுவலியோடு வேனில் ஆம்ப் ஏற்றி இறக்கும் மேடைக் கலைஞருக்கு இந்தப் பதினான்கு கிலோ வித்தியாசம் எந்த மேற்சுர வரைபடத்தைவிடவும் பெரிது.

வால்வுகளின் வரத்தும் இன்று சில தொழிற்சாலைகளை நம்பியே நிற்கிறது. ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனாவின் ஒன்றிரண்டு இடங்கள் ஆகியவைதான் முக்கியமானவை. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகெங்கும் கிதார் கடைகளில் வால்வு விலை எகிறியது.

இந்த இடத்தில் நகலெடுக்கும் கலைக்கு யாரும் திட்டமிடாத ஒரு பயன் கிடைத்திருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு பழைய டீலக்ஸ்கள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அறுபது எழுபது ஆண்டுகளில் மின்தடைகளின் மதிப்பு நகர்ந்திருக்கும், மின்தேக்கிகள் வறண்டிருக்கும், ஸ்பீக்கர் காகிதம் தளர்ந்திருக்கும். சுற்று வரைபடத்திலிருந்து எழுதிய சமன்பாடு, 1955இல் காகிதத்தில் இருந்த ஆம்பைத்தான் தரும். இன்று ஒரு ஸ்டூடியோ மூலையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட டீலக்ஸ், அதன் தேய்மானத்தோடு, வால்வு மாற்றப்படுவதற்கு முந்தைய நாள் எப்படி ஒலித்தது என்பதை மூன்று நிமிடப் பதிவிலிருந்து கற்ற வலைப்பின்னல்தான் வைத்திருக்க முடியும். பல ஸ்டூடியோக்கள் தங்கள் பழைய ஆம்புகளை இப்போது அப்படித்தான் பதிந்துவைக்கின்றன.